மொறிஸ் மைனர் 1000: பம்ப் ஓயாமல் அடிக்கிறது, பெற்றோல் வரவில்லை

வெள்ளவத்தை மைனர்

வணக்கம். அப்பாவின் 1959 மொறிஸ் மைனர் 1000, 948 சிசி. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கராஜுக்குள் விட்டது. அப்பா போன பிறகு யாரும் தொடவில்லை. இப்போது நானே அதை ஓட வைக்கப் பார்க்கிறேன். வீடு கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் இருப்பதால் உப்புக்காற்று பிடித்திருக்கும் என்ற பயமும் இருக்கிறது.

சாவியைத் திருப்பினால், பெற்றோலை இழுக்கும் எஸ்யூ மின் பம்ப் டக்டக்கென்று வேகமாக அடிக்கத் தொடங்கும், நிற்பதே இல்லை. காபரேட்டர் வாய்க்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டால் எஞ்சின் உடனே பிடிக்கிறது, பிறகு சில விநாடிகளில் அணைந்துவிடுகிறது. தாங்கியில் கால்வாசி இருப்பதாக மீட்டர் காட்டுகிறது. மூடியைத் திறந்தால் வார்னிஷ் மணம்.

வந்து பார்த்த மெக்கானிக் பாஸ், பம்பைக் கழற்றிவிட்டு ஜப்பான் கார் பம்ப் ஒன்றும் வேறு காபரேட்டரும் போடச் சொல்கிறார். எனக்கு மனமில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

கொட்டாஞ்சேனைக்காரன்

பிள்ளை, அந்தப் பம்பைக் கழற்றி எறிய விடாதீர்கள். அது வேலை செய்கிறது. கோளாறு எங்கே என்றும் அதுவே சொல்லிக்கொண்டிருக்கிறது.

எஸ்யூ பம்பின் சத்தத்தைக் கேட்கப் பழகுங்கள். காபரேட்டரில் பெற்றோல் தங்கும் கிண்ணம் நிரம்பியதும் அது அடங்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோதும் இடைக்கிடை ஒரு டக் கேட்டால் கிண்ணம் நிரம்பியதும் பெற்றோலை அடைக்கும் ஊசி வால்வு கசிகிறது, இல்லாவிட்டால் வெளியே எங்கோ ஒழுகுகிறது. சத்தமே இல்லையென்றால் பம்புக்குள் மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுக்கும் போயின்ற் அழுக்கு, அல்லது கார் உடலோடு சேரும் எர்த் வயர் சரியில்லை. உங்களுடையது போல் வேகமாக ஓயாமல் அடித்தால், ஒன்றில் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் காற்றை இழுக்கிறது. அந்த மீட்டரை முழுதாக நம்ப வேண்டாம், ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். மைனரில் பம்ப் முன்னால் பொனற்றுக்குள், தாங்கி பின்னால் டிக்கிக்கு அடியில். அத்தனை நீளக் குழாயும் உறிஞ்சும் பக்கம் என்பதால் ஓட்டை இருந்தாலும் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். நிலத்தில் ஈரம் தேடிப் பயனில்லை.

ஆனால் முதலில் அந்தப் பழைய பெற்றோலை வெளியே எடுக்க வேண்டும். காபரேட்டர் வாய்க்குள் பெற்றோல் ஊற்றுவதை இன்றோடு விட்டுவிடுங்கள், ஒருமுறை பின்னடித்தால் முகத்துக்கு முன்னால் தீ. பற்றரியைக் கழற்றிவிட்டு, காரை வெளியே தள்ளி, தாங்கியின் அடியிலுள்ள வடிகால் திருகாணியைத் திறந்து உலோகக் கானில் பிடியுங்கள். கொழும்பு வீடுகளில் கராஜும் குசினியும் ஒட்டியே இருக்கும். காஸ் அடுப்பு, சாமி விளக்கு, தண்ணீர் மோட்டார் எல்லாம் அணைந்திருக்கட்டும். பெற்றோல் ஆவி கனமானது, நிலத்தோடு ஊர்ந்து போய்த் தீயைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். வடித்த பெற்றோலைத் தெரு வடிகாலுக்குள் மட்டும் ஊற்றக்கூடாது.

வடித்த பெற்றோலில் செம்மண்ணாகத் துரு வந்தால் தாங்கியைக் கழற்றத்தான் வேண்டும். டிக்கித் தளத்தில் சுற்றிவரத் திருகாணிகள் இருக்கும். தாங்கி 6½ கலன், ஏறக்குறைய 30 லீற்றர். கேக் சாமான் கடையில் கிடைக்கும் சிற்றிக் அமிலத்தை லீற்றருக்கு 50 கிராம் வீதம் தண்ணீரில் கரைத்து ஓரிரு நாள் ஊற விடுங்கள். பிறகு சோடா மா கலந்த தண்ணீரால் கழுவி அன்றைக்கே நல்ல வெயிலில் காய வையுங்கள். ஈரத்தோடு விட்டால் மறுநாளே துரு திரும்பிவிடும்.

பம்பின் உடலில் ஒரு சல்லடை வடி இருக்கிறது, அதையும் கழற்றிக் கழுவுங்கள். அப்புறம் புதுப் பெற்றோல் விட்டு, காபரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றி, அதன் முனையை ஜாடியில் உள்ள பெற்றோலுக்குள் அமிழ்த்திப் பம்பை ஓட விடுங்கள். குமிழிகள் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் பின்பக்கத்தில் காற்று இழுக்கிறது.

ஜப்பான் பம்ப் பற்றி: எஸ்யூ ஊசி வால்வு மிகக் குறைந்த அழுத்தத்துக்கு, 1½ பிஎஸ்ஐ அளவுக்குச் செய்தது. அதைவிட வலுவாகத் தள்ளினால் கிண்ணம் வழிந்து சூடான எக்ஸோஸ்ட் பக்கம் சிந்தும். மைனரில் பற்றரியின் பிளஸ் பக்கம்தான் எர்த், இடையில் யாரும் மாற்றாவிட்டால். மைனஸ் எர்த்துக்குச் செய்த ட்ரான்சிஸ்ரர் பம்பை அப்படியே பொருத்தினால் எரிந்துவிடும்.

தெஹிவளை ஒஸ்ரின்

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இறப்பர் ஹோஸ் வாங்க, உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போனால் பழைய துண்டைக் கையில் கொண்டு போங்கள், ஹோஸின் மேல் பெற்றோல் ஹோஸுக்கான தரக்குறி எஸ்ஏஈ ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருக்கிறதா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். தாங்கிக்குள் பூசும் சீலர் ஒன்றைக் காட்டுவார்கள், வேண்டாம். ஈரமோ துருவோ கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பிறகு செதில் செதிலாக உரிந்து குழாயை அடைக்கும். நம் கடற்கரைக் காற்றில் அந்த உத்தரவாதம் எங்கே?

தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் ஒரு பில்டரும் போட்டுவிடுங்கள், பம்ப் வால்வுகளுக்குள் துரு போகாது.

கொட்டாஞ்சேனைக்காரன்

தம்பி, பில்டரில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. உறிஞ்சும் பக்கத்தில் கடதாசி பில்டர் போட்டால் அதன் இரண்டு மூட்டுகளும் காற்று இழுக்கப் புது இடங்கள். தாங்கியைச் சுத்தமாக்கிவிட்டால் பம்பின் சல்லடை போதும். மனம் கேட்காவிட்டால் பம்புக்கும் காபரேட்டருக்கும் இடையில் போடலாம்.

வெள்ளவத்தை மைனர்

இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. துரு வந்தது, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. தாங்கியைச் சிற்றிக் அமிலத்தில் கழுவியாகிவிட்டது. ஜாடியில் குமிழி பொங்கியது! பின் சில்லுப் பக்கத்தில் இரும்புக் குழாய் அரித்துப் போயிருந்தது, செப்புக் குழாய் போட்டு மாற்றினேன். இப்போது பம்ப் கொஞ்சம் அடித்துவிட்டு நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது. அந்த டக்டக் சத்தம் நின்ற நேரம் அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார்.

ஆனால் காபரேட்டரின் அடியில், ஜெட் (பெற்றோல் வெளிவரும் சிறு குழாய்) இருக்கும் இடத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. கிண்ணம் வழியவில்லை.

கொட்டாஞ்சேனைக்காரன்

சந்தோஷம் பிள்ளை. முதலில் அது எந்த வகை எஸ்யூ காபரேட்டர் என்று பாருங்கள்: கிண்ணத்திலிருந்து ஜெட்டின் அடிக்கு மெல்லிய நைலோன் குழாய் வந்தால் எச்எஸ்2, இல்லாவிட்டால் எச்2. உங்கள் வருடத்துக்கு எச்2 தான் வந்திருக்க வேண்டும். அதில் ஜெட்டைச் சுற்றித் தக்கை வளையங்கள் உண்டு. இத்தனை காலம் காய்ந்து கிடந்து சுருங்கியிருக்கும். சில நேரம் பெற்றோலில் ஊறித் திரும்ப வீங்கி அடைத்துக்கொள்ளும், ஆனால் ஒழுகும் காரை அதற்காக ஓட்டிப் பார்க்க வேண்டாம். வளையங்களை மாற்றுங்கள்.

ஜெட்டைக் கழற்றினால் திரும்ப மையத்தில் நிறுத்த வேண்டும். காபரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தூக்கி விட்டால் தடையில்லாமல் விழுந்து டக்கென்று தட்ட வேண்டும். ஜெட்டை மேலே ஏற்றியும் கீழே இறக்கியும் கேளுங்கள், இரண்டு சத்தமும் ஒன்றாக இருக்கும் வரை ஜெட்டின் பெரிய நட்டை இறுக்க வேண்டாம். பிஸ்டனும் மேல் மூடியும் சோடியாகச் செய்தவை, இன்னொரு காபரேட்டரின் மூடியைப் போட்டுவிடாதீர்கள். பிஸ்டனின் அசைவை மெதுவாக்கும் டாம்பருக்குள் 20 இலக்க மெல்லிய ஒயில் போதும்.