சிங்கத்தின் குரல் யாருடையது என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லலாமா?

பாலக்கோட்டு அப்பா:
போன சனிக்கிழமை எங்கள் பகுதியில் பிள்ளைகளுக்கு 1994ஆம் ஆண்டின் ‘தி லயன் கிங்’ அனிமேஷன் படத்தைத் திரையிட்டார்கள். படம் தொடங்கும் முன்பே ஒரு டீச்சர் எழுந்து, அதில் வரும் கர்ஜனைகள் ஃபிராங்க் வெல்கர் என்னும் குரல் கலைஞருடையவை, உலோகக் குப்பைத் தொட்டிக்குள் முகம் வைத்து உறுமினார் என்று சொல்லிவிட்டார். சிங்க ராஜா முஃபாசா கர்ஜித்த போதெல்லாம் ஏழு வயது மகள் என் சட்டையை இழுத்து, “அப்பா, குப்பைத் தொட்டி!” என்றாள். முஃபாசா இறந்த இடத்தில் அவள் அழவே இல்லை. சிறு வயதில் அதே இடத்தில் நான் தேம்பியது இன்றும் நினைவிருக்கிறது. அந்த அழுகை அவளுக்குக் கிடைக்காமல் போய்விட்டது.

பென்னாகரம் ஆசிரியை:
சொன்னவள் நான்தான். கைப்பேசியில் பத்து நொடிக்கு ஒன்றைத் தள்ளிவிட்டுப் போகிற பிள்ளைகள் இவர்கள். வில்டபீஸ்ட் என்ற ஆப்பிரிக்க மான்கள் பள்ளத்தாக்கில் பாய்ந்து வரும் காட்சி இரண்டரை நிமிடம்தான். அதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உழைத்தார்கள். 1994 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதி நிலநடுக்கத்தால் ஸ்டுடியோவை மூட வேண்டி வந்தபோது, ஓவியர்கள் வீட்டிலிருந்தே வரைந்தார்கள். இதெல்லாம் தெரிந்தால் பிள்ளைகள் அசையாமல் பார்ப்பார்கள் என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

ஓசூர் அனிமேட்டர்:
டீச்சர், நான் அந்தத் தொழிலில் இருப்பவன். இதில் நான் அந்த அப்பா பக்கம். ஒவ்வொரு விலங்கும் தன் போக்கில் ஓட வேண்டும், ஒன்றோடு ஒன்று மோதவும் கூடாது என்று அதற்கெனவே கணினி நிரல் எழுதினார்கள். எதற்காக? பார்ப்பவர் கண்ணில் முஃபாசாவின் மகன் குட்டி சிம்பா மட்டுமே படுவதற்காக. எங்கள் உழைப்பு கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் நாங்கள் தோற்றுவிட்டோம் என்று பொருள்.

காரிமங்கலம் கூத்துக்காரர் மகன்:
என் தந்தை தெருக்கூத்தில் துரியோதனன் வேடம் கட்டியவர். சாயங்காலமே அவர் எதிரில் உட்கார்ந்துவிடுவேன். அரிதாரம் குழைப்பது, தோளில் அணியும் புஜக்கட்டையை இறுக்கிக் கட்டுவது எல்லாவற்றையும் பார்ப்பேன். நள்ளிரவில் திரையை விலக்கி அவர் வெளியே வந்தால் எனக்கு உடம்பு நடுங்கும். துரியோதனன் வீழும் நிகழ்வான படுகளத்தில் அவன் உருவத்தைக் களிமண்ணால் எல்லோர் கண்ணெதிரில்தான் செய்கிறார்கள். மண் சுமந்தவர்களே விடிந்ததும் ஒப்பாரி கேட்டுக் கண் கலங்குகிறார்கள். செய்வதைப் பார்த்ததால் யாருக்கும் துக்கம் குறைந்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கப் பாடகர் லெபோ எம் சூலு மொழியில் ஓங்கிக் குரலெடுக்கிறார். சிங்கம் வருகிறது என்ற அறிவிப்பு அது. கூத்தில் ராஜா வருமுன் கட்டியங்காரன் வந்து சொல்வதும் அதைத்தான்! பொருள் தெரியாமல் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தெரிந்த பிறகு கேட்டபோதுதான் மயிர்க்கூச்செறிந்தது.

பாலக்கோட்டு அப்பா:
அண்ணா, நீங்கள் பார்த்தது உங்கள் அப்பா கொஞ்சம் கொஞ்சமாகத் துரியோதனனாக மாறியதை. இரவெல்லாம் நடக்கும் கூத்தில் அதுவும் ஒரு பகுதி. என் மகள் எந்த மாற்றத்தையும் பார்க்கவில்லை. ஒரு தொட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டாள், அவ்வளவுதான். சூலு வரியின் பொருளைச் சொல்வது வேறு. அது கதையை நோக்கி அழைத்துப் போகிறது. தொட்டி கதையைவிட்டு வெளியே இழுக்கிறது.

காரிமங்கலம் கூத்துக்காரர் மகன்:
இந்த வேறுபாட்டை நான் யோசிக்கவில்லை, தம்பி. ஆனாலும் தொட்டிக்குள் அந்த மனிதர் எப்படி மூச்சை அடக்கி உறுமினார் என்று பிள்ளைகளையே செய்து பார்க்கச் சொல்லியிருந்தால், அதுவும் வேடம் கட்டுவதைப் பார்த்தது போல ஆகியிருக்கும்.

பாலக்கோட்டு அப்பா:
செய்துதான் பார்க்கிறாள். நேற்று எவர்சில்வர் அண்டாவுக்குள் தலையைவிட்டு உறுமி, பாட்டியைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டாள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அடுத்த படத்துக்கு முடிந்த பிறகு சொல்லுங்கள், டீச்சர்.

பென்னாகரம் ஆசிரியை:
முடிந்ததும் பாதிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள். இடைவேளையில் சொல்கிறேன். அதற்கு மேல் தள்ளிப்போட மாட்டேன்.

பாலக்கோட்டு அப்பா:
இந்தப் படத்தையே மறுபடி போட்டால், முஃபாசா இறந்த பிறகு இடைவேளை விடுங்கள். எனக்கு அது போதும்.