உயிரை எடுக்காது, புத்தியை எடுத்துடும்: வேலூர் பக்கத்து உறவுகளே, உங்க அனுபவம் சொல்லுங்க

குடியாத்தம், தறிக்காரர் மகன்

எங்க அப்பாவுக்குக் காதுல இரைச்சல். ஆரம்பத்துல யாருமே அதை ஒரு வியாதியா எடுத்துக்கல. காய்ச்சல் இல்ல, வீக்கம் இல்ல, சீழ் வரல. "வயசானா இதெல்லாம் வர்றதுதான், இன்னாத்துக்கு ஊரைக் கூட்டற"ன்னு அம்மாவே சொல்லிச்சு.

அப்பா மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே லுங்கித் தறிக்குப் போனவரு. விசைத்தறி ஷெட்டுக்குள்ள போயிருக்கறவங்களுக்குத் தெரியும். ஊடை நூலை இழுத்துக்கினு ஓடற நாடா ரெண்டு பக்கமும் மோதற சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். பக்கத்துல நிக்கறவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்னா காதுல வாய் வைக்கணும், இல்லன்னா கை ஜாடை. தினமும் 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல கேட்டாலே, உள்காதுல இருக்கிற மெல்லிய மயிர் செல்கள் கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போகும். செத்தது திரும்ப முளைக்காது. அங்கேர்ந்து வர வேண்டிய சேதி வராதப்போ, மூளை தானாவே ஒரு சத்தத்தை உண்டாக்கிக்குது. கேக்கறவருக்கு அது நிஜமான சத்தம்தான். பக்கத்துல படுத்திருக்கறவங்களுக்குத்தான் ஒண்ணுமே கேக்காது.

பகல்ல சமாளிச்சிடுவாரு. ராத்திரி கரண்ட் போயி ஃபேன் நின்னா போதும், எழுந்து உக்காந்துடுவாரு. சுவத்துல காதை வெச்சுக் கேப்பாரு. மீட்டர் பொட்டிகிட்ட போய் நிப்பாரு. பக்கத்து வீட்டு மோட்டார்தான் ஓடுதுன்னு நடு ராத்திரியில அவங்க கதவைத் தட்டினாரு. மோட்டார் ஓடல. அதுக்கப்புறம் தெருவுல "பெரியவருக்குக் கொஞ்சம் தட்டிப்போச்சு"ன்னு பேச்சு ஆயிடுச்சு. அந்தப் பேச்சு அவர் காதுக்கும் வந்துது. அன்னிலேர்ந்து வெளியவே போகல. "கொல்லன் பட்டறையை உள்ள வெச்சுக்கினு எப்பிடிடா தூங்கறது"ன்னு ஒரு நாள் என் கையைப் பிடிச்சுக்கினு அழுதாரு. எங்கப்பா அழுது நான் பார்த்ததே இல்ல.

பூண்டு போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெயைக் காதுல விட்டாங்க. தயவுசெஞ்சு அதை யாரும் செய்யாதீங்க. செவிப்பறையில ஓட்டை இருந்தா எண்ணெய் உள்ள இறங்கிடும், காது இன்னும் கெட்டுப்போகும். ஹேர்பின், தீக்குச்சி எதுவும் கூடாது. சில பேருக்கு வெறும் அழுக்கு அடைச்சாலே இரைச்சல் வரும், டாக்டர் எடுத்துவிட்டா சரியாயிடும். அதனால முதல்ல காதைக் காட்டுங்க.

காது டாக்டர் ஆடியோகிராம் எடுத்தாரு, எந்தச் சத்தம் எவ்வளவு கேக்குதுன்னு கோடு போட்டுக் காட்டற டெஸ்ட். 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துல கோடு தொபுக்குன்னு கீழ இறங்கியிருந்தது. சத்தத்துல வேலை செஞ்ச காதுக்கு அதுதான் அடையாளமாம். பேரப்பிள்ளைங்க பேசறது புரியலன்னு அப்பா எரிஞ்சு விழுந்ததுக்கும் அதே காகிதத்துல காரணம் கிடைச்சுது. இரைச்சலை அடியோட நிறுத்தற மாத்திரை இல்லன்னு டாக்டர் நேராவே சொல்லிட்டாரு. எனக்கு அந்த நேர்மை பிடிச்சுது. காதுக்கு மெஷின், ராத்திரி அமைதியா இல்லாம ஏதாவது லேசா ஓடிக்கினு இருக்கணும், அப்புறம் மனசுக்கு ஒரு டாக்டரைப் பாருங்கன்னாரு.

அந்தக் கடைசி வார்த்தைதான் அப்பாவுக்குப் பொறுக்கல. பாகாயம்னாலே எங்க பக்கம் ஒரு மாதிரி பார்ப்பாங்க. வேலூர் சி.எம்.சி ஆஸ்பத்திரியோட மனநல மையம் அங்க 1957-லேர்ந்து இருக்கு. அட்மிட் ஆனா வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே தங்கணும்ங்கறது அங்க ரொம்ப நாள் வழக்கம். ஆளைக் கொண்டுபோய்த் தள்ளிட்டு வர்ற இடம் இல்ல அது. நான் கூட உக்காந்து இருந்தேன். அப்பா தறி ஷெட்டுல ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னாரு. குறுக்க பேசாம ஒருத்தர் கேட்டதே அவருக்குப் பாதி தெம்பு. சத்தத்தைத் தேடித் தேடிக் கேக்காம இருக்கப் பழகறதுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. இப்ப ரேடியோவை ரொம்பச் சின்னதா வெச்சுட்டுத் தூங்கறாரு. "கீது, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது"ன்றாரு.

இது மாதிரி, வெளிய தெரியாம ஆளை அரிச்செடுக்கற தொல்லை உங்க வீட்டுலயும் இருந்தா எழுதுங்க.

ஆம்பூர், ஷூ கம்பெனியில வேலை

அண்ணா, உங்க அப்பாவை நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு. எனக்கு வந்தது சொல்லவே கூச்சமான இடத்துல. பாவாடை நாடா கட்டற இடுப்புச் சுத்துலயும் தொடையிலயும் படர்தாமரை. மே மாசம், தகர ஷெட்டு, காலையிலேர்ந்து நின்னுக்கினே வேலை. வேர்வை இறங்கி அதுமேல பட்டா தீ வெச்ச மாதிரி. சூப்பர்வைசர் பார்க்கறாருன்னு கையை அடக்கிக்கினு நிப்பேன், பல்லைக் கடிச்சுக் கடிச்சுத் தாடை வலிக்கும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திட்டு சீப்பால சொறிவேன். ரத்தம் வந்தாத்தான் ரெண்டு நிமிஷம் நிம்மதி. பிள்ளைங்க பக்கத்துல வந்தாலே அடிச்சுடுவேன்.

மெடிக்கல்ல ஒரு டியூப் கொடுத்தாங்க. ரெண்டே நாள்ல அரிப்பு போச்சு. விட்டா ரெண்டு மடங்கா வந்துது, வளையத்துக்குள்ள வளையமா. எங்க லைன்ல பாதிப் பேர்கிட்ட அதே டியூப் இருந்தது. தோல் டாக்டரம்மா அதைப் பார்த்ததும் தலையில கை வெச்சாங்க. பூஞ்சை மருந்தோட ஸ்டீராய்டும் கலந்திருக்காம். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், ஆனா பூஞ்சைக்கு அதுவே சாப்பாடு போட்டு வளர்க்கற மாதிரின்னாங்க. டியூப் வாங்கும்போது பின்னாடி குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன்னு பேர் இருந்தா டாக்டர் சொல்லாம தடவாதீங்க.

வாரக்கணக்குல மாத்திரை சாப்பிட்டேன். அரிப்பு நின்னதும் நிறுத்தாதே, தோல் சுத்தமா ஆனப்புறமும் டாக்டர் சொல்ற வரைக்கும் தொடரணும்னாங்க. வீட்ல எல்லாருக்கும் தனித்தனித் துண்டு, துணியை வெயில்ல நல்லா காய வெச்சு மடிப்புல அயர்ன், ஈரப் பாவாடை கட்டவே கூடாது. என் வீட்டுக்காரருக்கும் இருந்தது, சொல்லாம மறைச்சிருக்காரு. ரெண்டு பேரும் சேர்ந்து மருந்து எடுத்தப்புறம்தான் போச்சு.

ராணிப்பேட்டை

எங்க மாமா தோல் ஷாப்புல, தோல் பதனிடற குரோமியம் உப்புத் தொட்டியில வேலை செஞ்சவரு. ரெண்டு கையும் வெடிச்சுப் புண்ணாகி, சோறு பிசைய முடியாது, ஸ்பூன்தான். வேலையை விட்டுட்டுக் கொத்தனார் வேலைக்குப் போனாரு. கை மறுபடியும் அதே மாதிரி ஆயிடுச்சு. சாபம்னே நம்பிட்டாரு, குறி கேக்கப் போனாரு. அப்புறம்தான் ஒரு டாக்டர் சொன்னாரு, சிமெண்டுலயும் குரோமியம் இருக்கு, ஒரு தடவை உடம்பு அதுக்கு அலர்ஜி ஆயிடுச்சுன்னா கொஞ்சம் பட்டாலும் கிளம்பிடும்னு. இப்ப மளிகைக் கடையில பொட்டலம் கட்டறாரு. கை ஆறிடுச்சு. அந்தத் தொட்டியில கை விட்ட எத்தனையோ பேருக்கு இந்த விவரமே யாரும் சொல்லலங்கறதுதான் எனக்கு ஆத்திரம்.

வாலாஜா

எங்க அக்கா கதையைச் சொல்றேன். அக்கா சொல்லச் சொல்லித்தான் எழுதறேன்.

ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் ராத்திரி படுத்தா கால் ரெண்டும் தவிக்கும். வலி இல்ல. "எலும்புக்குள்ள எறும்பு ஊறுது"ன்னு சொல்லும். காலை உதறணும், நீட்டி மடக்கணும், எழுந்து நடக்கணும். நடந்தா நிக்கும், படுத்தா ஆரம்பிக்கும். பிள்ளையை இடுப்புல வெச்சுக்கினு விடிய விடிய வாசல்ல நடக்கும். ராத்திரி ரெண்டு மணிக்குத் தலையை விரிச்சுப் போட்டுக்கினு ஒரு பொம்பளை தெருவுல நடந்தா ஊர் என்ன சொல்லும்? காத்து சேட்டைன்னு சொன்னாங்க. மாமியார் மந்திரிச்சுக் கயிறு கட்டினாங்க. தூக்கம் இல்லாம அக்காவும் நிஜமாவே குழம்பிப்போச்சு. அடுப்புல பாலை வெச்சுட்டு எதிர்ல நின்னு பார்த்துக்கினே இருக்கும், பால் பொங்கி வழியும், அணைக்கத் தோணாது.

சோளிங்கருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மனசு சரியில்லாதவங்களை தக்கான் குளத்துல குளிக்க வெச்சு ஆஞ்சநேயர்கிட்ட விடறது நம்ம பக்கத்துல தலைமுறை தலைமுறையா நடக்கறது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். அங்க யாரும் அக்காவைப் பைத்தியம்னு பார்க்கல, பக்கத்துல உக்காந்திருந்த அம்மா தன் தட்டுலேர்ந்தே சாதம் ஊட்டினாங்க. ஆஞ்சநேயர் இருக்கிற சின்னமலைக்கு 406 படி. ஏறும்போது அக்கா, "கால் இப்ப ஒண்ணும் பண்ணலடி"ன்னுச்சு. எனக்கு அந்த வார்த்தை மனசுல நின்னுடுச்சு.

அதை அப்படியே ஒரு டாக்டர்கிட்ட சொன்னேன். அவர் நாலே கேள்வி கேட்டாரு. காலை அசைக்கணும்னு தவிப்பா இருக்கா, சும்மா இருக்கும்போது கூடுதா, நடந்தா குறையுதா, சாயந்தரம் ராத்திரியிலதான் அதிகமா? நாலுக்கும் ஆமா. அமைதியில்லாத கால்கள்னு இதுக்கு ஒரு பேரே இருக்காம். இரும்புச்சத்து குறைஞ்சா வரும், கிட்னி கெட்டவங்களுக்கும் வரும், கர்ப்பத்துலயும் வரும். அக்காவுக்கு மாசா மாசம் அதிகமா போகும், உடம்புல இரும்பு இருப்பே இல்ல. தூக்கம் வரட்டும்னு வேற ஒருத்தர் கொடுத்திருந்த அலர்ஜி மாத்திரையை முதல்ல நிறுத்தினாரு. தூங்க வைக்கிற அந்த வகை மாத்திரை கால் தவிப்பைக் கூட்டுமாம்.

இரும்பு மாத்திரை, வெறும் வயித்துல, எலுமிச்சை ஜூஸோட. அந்த நேரத்துல டீ, காபி கிட்டவே வரக்கூடாது. உடனே சரியாகல, மாசக்கணக்கு ஆச்சு. ஆனா குறைய ஆரம்பிச்ச முதல் வாரமே அக்கா முகம் மாறிடுச்சு. மாமியார் இப்ப அவங்களே காலையில மாத்திரையை எடுத்துக் கையில கொடுக்கறாங்க.

காட்பாடி, ஷேர் ஆட்டோ

எனக்கு வியாதி இல்லைங்க. வேலூர் கிரீன் சர்க்கிள் ஜங்ஷன்ல தினம் மாட்டற ஏர் ஹாரன்தான். பின்னாடி பஸ் அடிக்கும்போது நெஞ்சு எகிறும், வீட்டுக்குப் போயும் படபடப்பு அடங்காது, சின்ன விஷயத்துக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளியிருக்கேன். குடியாத்தம் அண்ணன் எழுதினதைப் படிச்சப்புறம் நாளைக்கே காது டெஸ்ட் எடுக்கறேன். வாலாஜா தங்கச்சி, என் வீட்டுக்காரம்மாவுக்கும் ராத்திரி அதே கால் தவிப்புதான், எப்பவும் காலை அமுக்கிவிடச் சொல்லும். என்ன டெஸ்ட்னு சொல்லும்மா.

வாலாஜா

அண்ணா, ஃபெரிட்டின். உடம்புல இரும்பு இருப்பு எவ்வளவுன்னு காட்டற ரத்த டெஸ்ட். அந்தப் பேரைச் சீட்டுல எழுதிக் கொண்டுபோய்க் கேளுங்க. வெறும் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துட்டு "ரத்தம் நல்லாத்தான் இருக்கு"ன்னு அனுப்பிடுவாங்க. ரத்தம் சரியா இருந்தும் உள்ள இருப்பு காலியா இருக்கலாம். இந்தத் தவிப்பு இருக்கறவங்களுக்கு ஃபெரிட்டின் 75-க்குக் கீழ இருந்தாலே இரும்பு கொடுக்கலாமான்னு டாக்டருங்க பார்ப்பாங்க, லேப் சீட்டுல நார்மல்னு போட்டிருந்தாலும். ரிப்போர்ட்டை லேப்போட விட்டுடாம டாக்டர்கிட்ட காட்டுங்க, நீங்களா மாத்திரை வாங்கிக் கொடுக்காதீங்க. சுகர், கிட்னி டெஸ்டும் சேர்த்து எடுத்துடுங்க. அண்ணியை நடக்கவேணாம்னு மட்டும் தடுக்காதீங்க.