ஆயில் மாத்தினதும் கிளட்ச் ஸ்லிப் ஆகுது – பல்சர் 150. ஆயில் காரணமா, பிளேட் காரணமா?

சேலத்துக்காரன்
எல்லாருக்கும் வணக்கம். வண்டி பல்சர் 150, 2016 மாடல். கிளட்ச்ல இதுவரை ஒரு குறையும் இல்ல. வழக்கமா பார்க்கிற மெக்கானிக் ஊர்ல இல்லாததால வீட்டுப் பக்கத்துல ஒரு பட்டறையில ஆயில் மாத்தினேன். அவர் ஒரு கார் ஆயில் டப்பாவை உடைச்சு, "ஃபுல்லி சிந்தெடிக் தம்பி, விலை கூட, இன்ஜின் சும்மா வழுக்கிட்டு ஓடும்"னு சொல்லி ஊத்தினார். டப்பாவை போட்டோ எடுத்து வச்சிருக்கேன். 5டபிள்யூ-30 (ஆயிலோட தடிமன் எண்), ஏபிஐ எஸ்பி (அமெரிக்கத் தர அடையாளம்).

சத்தம் குறைஞ்சது உண்மைதான். ஆனா ரெண்டு பேரா ஏற்காடு ஏறும்போது, பாதி வளைவு கூட தாண்டல, ஆக்ஸிலேட்டர் முறுக்கினா ஆர்பிஎம் மட்டும் ஏறுது, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. கீழ ரோட்டுல நிதானமா போனா ஒண்ணும் தெரியல. பட்டறையில கேட்டா "பிளேட் போச்சு, செட்டா மாத்தணும்"ங்கிறார். ஆயில்தான் காரணம்னா பிளேட்டுக்கு ஏன் காசு போடணும்? இனிமே எந்த ஆயில் ஊத்தலாம்?

ஸ்பானர் கோவை
முதல்ல ரெண்டு விஷயம் சொல்லுங்க. கிளட்ச் லிவர் நுனியில எவ்வளவு ஆட்டம் இருக்கு? ஆயில் மாத்தும்போது கேபிளையும் டைட் பண்ணினாங்களா? லிவர்ல ஆட்டமே இல்லாம கேபிள் இழுத்துப் பிடிச்சிருந்தா, எந்த ஆயில் ஊத்தினாலும் ஸ்லிப் ஆகும். நிறைய பேர் இதைப் பார்க்காமலே இன்ஜினைப் பிரிச்சிடறாங்க.

அப்புறம் ஒரு சோதனை. காலி ரோட்டுல டாப் கியர்ல 40ல போய்ட்டே திடீர்னு முழுசா முறுக்குங்க. ஆர்பிஎம் துள்ளி, வேகம் பின்னாலேயே நின்னா ஸ்லிப். இன்ஜின் ஆறினப்போ ஒரு தடவை, நல்லா சூடானப்புறம் ஒரு தடவை பாருங்க.

சேலத்துக்காரன்
கேபிளைத் தொடவே இல்ல அண்ணே. லிவர்ல 2–3 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கு. காலையில எடுத்ததும் ஸ்லிப் இல்ல, நல்லா ஓட்டி சூடானதும் தெளிவா ஆகுது.

பழைய கிராங்க்
அப்போ ஆயில் மேலதான் முதல் சந்தேகம். ஏன்னு கொஞ்சம் விரிவா சொல்றேன், இந்தக் கேள்வி மாசத்துக்கு ஒருத்தராவது கேட்கிறாங்க.

கார்ல கிளட்ச் காஞ்ச இடத்துல தனியா இருக்கும், கியர் பாக்ஸுக்கும் வேற ஆயில். உங்க பைக்ல இன்ஜின், கியர், கிளட்ச் மூணுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் பிளேட் ஆயில்ல முங்கியே வேலை செய்யுது. பிளேட் ஒண்ணை ஒண்ணு கவ்விப் பிடிக்கணும்னா அந்த ஆயில் உராய்வை ஓரளவுக்கு விட்டு வைக்கணும். கார் ஆயில் செய்றவங்களுக்கு அந்தக் கவலை கிடையாது. மைலேஜ் கூட்டணும்னு உராய்வைக் குறைக்கிற மருந்து (மாலிப்டினம் கலந்தது மாதிரி) போடறாங்க. இன்ஜினுக்கு நல்லது, உங்க கிளட்சுக்கு ஆகாது.

இதுக்காகத்தான் ஜப்பான்காரங்க 1998ல ஜாசோ டி903ன்னு பைக்குக்குத் தனியா ஒரு தரம் கொண்டு வந்தாங்க. நிஜமான கிளட்ச் பிளேட்டை அந்த ஆயில்ல சுழல விட்டு, ஓடும்போது பிடிப்பு, நிக்கும்போது பிடிப்பு, நிக்க எடுக்கிற நேரம்னு மூணையும் அளக்கிறாங்க. பிடிப்பு நல்லா இருந்தா எம்ஏ, அதுலயே கூடுதல் பிடிப்பு எம்ஏ2, கொஞ்சம் கம்மி எம்ஏ1. பிடிப்பு ரொம்பக் கம்மின்னா எம்பி, அது ஸ்கூட்டருக்கு.

உங்க டப்பாவுல இன்னொண்ணும் பாருங்க. வட்டமா ஒரு ஏபிஐ முத்திரை இருக்கும். அதோட கீழ் வளைவுல "ரிசோர்ஸ் கன்சர்விங்"னு போட்டிருந்தா பைக் பக்கமே கொண்டு வராதீங்க. 5டபிள்யூ-30 மாதிரி மெல்லிய கார் ஆயில்கள்ல பெரும்பாலும் அது இருக்கும். பாஸ்பரஸ் கணக்கும் இருக்கு: இந்த மெல்லிய கார் ஆயில்கள்ல 0.08 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, காரோட புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெடும்னு. ஜாசோவுல 0.08ல இருந்து 0.12 வரைக்கும். கியர் பல்லும் கேமும் தேயாம காக்கிற மருந்துல இருந்து வர்றது அது.

"சிந்தெடிக் ஊத்தினா ஸ்லிப் ஆகும்"னு ஒரு பேச்சு ஊர் முழுக்க ஓடுது, நம்பாதீங்க. எம்ஏ2 போட்ட ஃபுல்லி சிந்தெடிக் எத்தனையோ இருக்கு. பிரச்சனை சேர்க்கிற மருந்துல.

உங்க வண்டிக்கு 20டபிள்யூ-50, ஏபிஐ எஸ்எல், ஜாசோ எம்ஏ. கையேட்டுலயும் அப்படித்தான் இருக்கும், பார்த்துக்கங்க.

ஆட்டோ ஸ்டாண்ட்
இவ்வளவு படிப்பெல்லாம் எதுக்கு சார். நாங்க ஆட்டோவுல லாரிக்கு ஊத்துற 15டபிள்யூ-40 தான் ஊத்துறோம். ஆட்டோவுலயும் கிளட்ச் ஆயில்லதான் முங்கிக் கிடக்கு. ஒரு தடவை கூட வழுக்கல.

பழைய கிராங்க்
நீங்க சொல்றதை மறுக்கல அண்ணா. டீசல் 15டபிள்யூ-40 பலதுல அந்த மைலேஜ் மருந்து இல்ல, அதனாலதான் தப்பிச்சுட்டு இருக்கீங்க. அமெரிக்காவுல பைக்காரங்களும் டீசல் ஆயில் ஊத்துறது உண்டு, சில டப்பாவுல ஜாசோ எம்ஏன்னே போட்டிருப்பாங்க. ஆனா எம்ஏன்னு எழுதாத டப்பாவுல அடுத்த தடவை கம்பெனி கலவையை மாத்தினா உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. இப்போ பைக் ஆயிலுக்கும் அதுக்கும் விலை வித்தியாசம் அப்படி ஒண்ணும் பெருசில்லையே.

ஏலகிரி ரிசார்ட்
நடுவுல நுழையறேன், மன்னிக்கணும். எங்க ரிசார்ட்ல விருந்தாளிங்க ஓட்ட ஏடிவி (கரடுமுரடான பாதையில ஓடற நாலு சக்கர வண்டி) வச்சிருக்கோம், பல கம்பெனி வண்டி. கியர் இல்லாம பெல்ட்டுல ஓடற வண்டிக்கு இந்த எம்ஏ எல்லாம் வேண்டாம்னு ஒருத்தர் சொன்னார். சரியா?

ஸ்பானர் கோவை
பாதி சரி. போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன்ல பெல்ட்டும் கிளட்சும் காஞ்ச பெட்டிக்குள்ள இருக்கு, இன்ஜின் ஆயில் அங்க போகாது. அவங்க கேட்கிற 5டபிள்யூ-50 ஊத்தினா போதும். யமஹா கிரிஸ்லி, கோடியாக்ல பெல்ட் இருந்தாலும் ஆயில்ல முங்குற சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச் (ஆர்பிஎம் ஏறினா தானா பிடிக்கிறது) ஒண்ணு உண்டு. ஹோண்டா ஃபோர்ட்ராக்ஸ்ல பெல்ட்டே கிடையாது, கியரும் முங்குன கிளட்சும்தான். அதோட கையேட்டுல ஜாசோ எம்ஏன்னே இருக்கும். பெல்ட்டை வச்சு முடிவு பண்ணாதீங்க, ஒவ்வொரு வண்டி கையேட்டையும் எடுங்க. எல்லாத்துக்கும் ஒரே டப்பா வாங்கி வைக்கிற பழக்கம் ரிசார்ட்ல ஜாஸ்தி, அது வேண்டாம்.

சேலத்துக்காரன்
முத்திரையைப் பார்த்தேன், கீழ "ரிசோர்ஸ் கன்சர்விங்" இருக்கு. ஜாசோ பேச்சே இல்ல. இப்போ வடிச்சுட்டு 20டபிள்யூ-50 ஊத்தினா சரியாயிடுமா?

ஸ்பானர் கோவை
பெரும்பாலும் சரியாகும், ஆனா ஒரே தடவையில எதிர்பார்க்காதீங்க. எவ்வளவு வடிச்சாலும் உள்ள கொஞ்சம் தங்கும், பிளேட்டும் ஊறியிருக்கும். சூடா இருக்கும்போது வடிங்க, ஃபில்டரையும் மாத்துங்க. விலை குறைஞ்ச எம்ஏ ஆயில் ஊத்தி ஒரு 200–300 கிலோமீட்டர் ஓட்டி, அதையும் வடிச்சுட்டு அப்புறம் நல்ல ஆயில். அதுவரை மலை, டபுள்ஸ் ரெண்டும் வேண்டாம். ஸ்லிப் ஆகும்போதே ஓட்டினா பிளேட் சூட்டுல வெந்து கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆயிடும், அப்புறம் எந்த ஆயிலாலயும் திருப்ப முடியாது. "ஆயில் பூஸ்டர்"னு தனியா ஒரு குப்பி விப்பாங்க, தொடவே தொடாதீங்க.

வாங்கும்போது டப்பா பின்னால கட்டத்துக்குள்ள எம்ஏ2ன்னு இருந்து, மேல ஒரு எண்ணும் இருக்கான்னு பாருங்க. அதுதான் பதிவு பண்ணின ஆயில். "ஜாசோ எம்ஏ2 தரத்துக்கு ஏத்தது"ன்னு வெறும் வரி மட்டும் இருந்தா அது கம்பெனி தானா சொல்லிக்கிறது.

சேலத்துக்காரன்
ரெண்டு தடவையும் மாத்தியாச்சு. கீழ ரோட்டுல சுத்தமா சரி. ஏத்தத்துல டபுள்ஸ் போனா மட்டும் சூடானதும் லேசா இருந்துச்சு. பழைய மெக்கானிக் வந்ததும் வலது பக்க கவரைத் திறந்தார். பிளேட் தடிமன் இன்னும் இருக்கு, ஆனா ரெண்டு பிளேட் மேல பளபளப்பு, ஸ்டீல் பிளேட் ஒண்ணுல நீலம் பாஞ்சிருக்கு. ஏற்காடு ஏறினப்போ வெந்ததுன்னார். செட்டை மாத்தினோம், புதுப் பிளேட்டை ராத்திரி முழுக்க அதே ஆயில்ல ஊற வச்சுட்டுத்தான் போட்டார். ஸ்பிரிங் நீளம் அளந்தார், சரியா இருந்துச்சு, அதை விட்டுட்டோம். இப்போ 20 கொண்டை ஊசி வளைவும் ஏறியாச்சு, ஸ்லிப் இல்ல.

ஒரு சின்னக் கேள்வி. மிச்சம் கொஞ்சம் 20டபிள்யூ-50 இருக்கு. அம்மாவோட ஆக்டிவாவுல ஊத்தலாமா?

பழைய கிராங்க்
வேண்டாம் தம்பி. எம்ஏ ஆயில் ஸ்கூட்டர்ல போனா கெடுதல் இல்ல, கிளட்ச் காஞ்ச இடத்துலதான் இருக்கு, மைலேஜ் ஒரு துளி குறையும், அவ்வளவுதான். ஆனா அந்த வண்டிக்கு 10டபிள்யூ-30 எம்பி, 20டபிள்யூ-50 ரொம்பத் தடிமன். மூடியை இறுக்கி வச்சு உங்க பல்சர்லயே டாப்-அப்புக்கு வச்சுக்கங்க. அம்மா வண்டியோட எம்பி ஆயிலை மட்டும் மறந்தும் பல்சர்ல ஊத்திடாதீங்க.