ஓடும்போது மயங்கி விழுந்த மகன் மரதன் ஓடலாமா?

கேள்வி (ஒரு தாய், சுன்னாகம்):
வணக்கம். இல்ல விளையாட்டுப் போட்டிக்கான மரதன் பயிற்சியில் என் 15 வயது மகன் ஓடிக்கொண்டிருந்தபடியே விழுந்து, அரை நிமிடத்தில் எழுந்தான். காலையில் சாப்பிடாததுதான் காரணம் என்கிறார்கள். என் கணவரின் தமையனார் 34 வயதில் கரப்பந்தாட்டத்தின் நடுவில் இறந்தவர் என்பதால் என் மனம் ஒப்பவில்லை. அவனை ஓடவிடலாமா?

பதில் 1 (தாதி உத்தியோகத்தர், இதயநோய்ப் பிரிவு):
அம்மா, பரிசோதனைகள் முடியும்வரை தயவுசெய்து ஓடவிடாதீர்கள். ஓடி முடித்து நின்றபின் வரும் மயக்கம் பெரும்பாலும் கால்களில் இரத்தம் தேங்குவதால் ஏற்படுவது. ஓட்டத்தின் நடுவிலேயே வரும் மயக்கத்தையோ, இதயம் காரணமல்ல என்று உறுதியாகும்வரை, இதயத்தின் எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும். இதயத் தசை அளவுமீறித் தடித்திருத்தல், இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் முடியுரு நாடி பிறப்பிலேயே தவறான இடத்திலிருந்து கிளம்புதல், இதயத்தின் மின்னோட்டக் கோளாறு ஆகியவை இளம் வீரர்களின் திடீர் மரணத்துக்கான முக்கிய காரணங்கள். தசைத் தடிப்பு பெரும்பாலும் பரம்பரையாக வருவது. அதற்கான மரபணு மாற்றம் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 வீத வாய்ப்புண்டு. ஆகவே கணவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஈசிஜி (இதயத்தின் மின்னோட்டப் பதிவு) சரியாக இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) பரிசோதனையும் கேளுங்கள். தமையனாரின் பிரேத பரிசோதனை அறிக்கை கிடைத்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பதில் 2 (உடற்கல்வி ஆசிரியர், பருத்தித்துறை):
இத்தாலியில் 1982 முதல் போட்டி வீரர்களுக்கு ஈசிஜியுடன் கூடிய பரிசோதனை கட்டாயம். இங்கே அது எளிதல்ல. ஆனால் ஓடும்போது மயங்கியதுண்டா, குடும்பத்தில் இளவயதில் யாரேனும் திடீரென இறந்ததுண்டா என்று கேட்க எந்தச் செலவும் இல்லை. நம் மைதானங்களில் விழுந்தவனைச் சுற்றி நின்று விசிறுகிறோம், தண்ணீர் தெளிக்கிறோம். இதயம் நின்றபின்னும் சிலர் விட்டுவிட்டு மூச்சிழுப்பதைக் கண்டு உயிர் இருக்கிறது என்று ஏமாறுகிறோம். உணர்வற்று, இயல்பாக மூச்சுவிடாமல் கிடந்தால் உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். அப்படி அழுத்தாமல் விட்டால், இதயத்தை மீண்டும் சீராகத் துடிக்கவைக்கக் கருவியால் கொடுக்கும் மின்னதிர்வு தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 வீதம் குறைகிறது. 2021 ஜூன் 12இல் கோப்பன்ஹேகன் மைதானத்தில் சரிந்த டென்மார்க் உதைபந்தாட்ட வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் பிழைத்ததற்குக் காரணம், நெஞ்சழுத்தம், மின்னதிர்வு இரண்டும் அங்கேயே, அப்போதே கிடைத்தமைதான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மாமியாரின் பெட்டகத்தில் அந்த அறிக்கை இருந்தது. 'இதயம் பெருத்திருந்தது' என்று எழுதியிருக்கிறார்கள். திங்கட்கிழமை கிளினிக்குக்கு மகனோடு கணவரும் இளைய மகளும் வருகிறார்கள்.