சினிமா படிக்கச் சின்னக் கல்லூரி போதுமா?

தேனிக்காரி:
வணக்கம். தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டான். படித்தால் சினிமாதான், அதிலும் கேமராதான் என்று ஒரே பிடிவாதம். தரமணி எம்ஜிஆர் திரைப்படக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. இப்போது கையில் இரண்டு விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) சீட் இருக்கிறது. ஒன்று சென்னையில், எல்லோருக்கும் பேர் தெரிந்த பெரிய கல்லூரி, வகுப்புக்கு அறுபது பேருக்கு மேல். இன்னொன்று கோவைக்குப் பக்கத்தில், துறை ஆரம்பித்தே சில வருஷம்தான் ஆகிறது, வகுப்பில் இருபத்தைந்து பேர். கோடம்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தானே நாலு பேர் பழக்கமாவார்கள், அதனால் சென்னைதான் என்கிறார் அப்பா. தம்பிக்கோ கோவை பிடித்துவிட்டது. பார்க்கப்போன அன்றே ஒரு சீனியர் கேமராவைக் கையில் கொடுத்து, எடுத்துப் பாரு என்றாராம். சின்னக் கல்லூரி என்றால் பின்னால் மதிப்பு இருக்காதோ என்று எனக்குத்தான் பயமாக இருக்கிறது. படித்தவர்கள், தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பூம்மைக்:
நான் சின்னக் கல்லூரியில் படித்துவிட்டு இப்போது ஒலிப்பதிவில் இருக்கிறேன். என் ஓட்டு கோவைக்குத்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அறுபது பேருக்கு நாலு கேமரா என்றால் ஒரு கேமராவுக்குப் பதினைந்து பேர். ஒருவன் டைரக்டர், ஒருவன் கேமரா, மற்றவர்கள் வெளிச்சத்தைத் திருப்பிவிடத் தெர்மகோல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான், அடுத்த முறை வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். கேமரா படிக்கிறவனுக்குக் கை பழக வேண்டும். ஜன்னலுக்கு முன்னால் ஆளை உட்காரவைத்து முகத்துக்கு எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு) வைத்தால் வெளியே எல்லாம் வெளுத்துப்போகும், வெளியே பார்த்து வைத்தால் முகம் கறுத்துவிடும், அப்புறம் ஜன்னலில் டிரேசிங் பேப்பர் ஒட்டி, உள்ளே ஒரு லைட்டைக் கூட்டி, ஆளை இரண்டடி தள்ளி உட்காரவைத்து என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தால்தான் பிடிபடும். இன்னொன்று, நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்லைட் எரிகிற அறையில் ஷட்டரை 1/60 நொடியில் வைத்தால் வெளிச்சம் மினுக்கும், 1/50க்கு மாற்றினால் நின்றுவிடும். இதை வகுப்பில் கேட்டவன் மறந்துவிடுவான், எடுத்த காட்சி கெட்டுப்போனவன் மறக்கவே மாட்டான்.

நிபந்தனை இதுதான். சின்னக் கல்லூரி எல்லாமே கேமராவைக் கொடுத்துவிடாது. சில இடங்களில் புது கேமரா பீரோவிலேயே கிடக்கும், ஆய்வுக்கு ஆள் வரும்போதுதான் வெளியே வரும். அதனால் கேமரா அறையில் இருக்கும் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். யார், எந்தத் தேதியில், எந்த லென்ஸ், எந்த டிரைபாட் எடுத்துப்போனார்கள், எப்போது திருப்பிக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். அதில் முதல் வருஷப் பிள்ளைகள் பேர் இருக்கிறதா? சனி, ஞாயிறுக்குக் கொடுக்கிறார்களா? சாவி யாரிடம் இருக்கிறது? கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவதைவிட இதுதான் முக்கியம்.

வடபழனி வாசி:
உதவி இயக்குநராக இருக்கிறேன். அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிடாதீர்கள். சென்னையில் படிக்கிறவனுக்கு லீவு நாளில் யாராவது ஒருவரின் குறும்படத்தில் வேலை இருக்கும், கூடப் படிக்கிறவர்களே நாளைக்கு எடிட்டராக, டைரக்டராக வருவார்கள், அந்தப் பழக்கம் கடைசிவரை கூட வரும். ஆனால் அதற்காகக் கல்லூரிப் பேரைப் பார்த்து யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. ஒளிப்பதிவாளர்கள் உதவியாளரைச் சேர்க்கும்போது எடுத்த படத்தைத்தான் காட்டச் சொல்வார்கள். ஒளிப்பதிவாளர் கே.வி.ஆனந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர், ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராமிடம் உதவியாளராகச் சேர்ந்தார், தனியாக ஒளிப்பதிவு செய்த முதல் படத்துக்கே தேசிய விருது வாங்கினார். கையில் நல்ல படங்கள் இருந்தால் கோவையிலிருந்தும் வரலாம். செமஸ்டர் லீவில் தம்பி சென்னைக்கு வந்து படப்பிடிப்பில் நிற்கட்டும், அதை மட்டும் விடவே கூடாது.

காகிதச் சுருள்:
எல்லோரும் கேமராவையே பேசுகிறீர்கள், டிகிரியையும் பாருங்கள். மத்திய அரசின் திரைப்படக் கல்லூரியான புனே எஃப்டிஐஐ 1960இல் ஆரம்பித்தது, பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகம். கல்கத்தாவில் சத்யஜித் ரே பேரில் உள்ளது 1995இல் வந்தது. இரண்டிலும் மூன்று வருஷ ஒளிப்பதிவுப் படிப்புக்கு ஏதாவது ஓர் இளங்கலைப் பட்டம் இருந்தால் போதும், எந்தக் கல்லூரி என்று பார்ப்பதில்லை, நுழைவுத்தேர்வுதான். சீட் மிகக் குறைவு, ஆனால் உங்கள் தம்பிக்கு அந்தக் கதவு மூடவில்லை. அதற்கு அந்தக் கோவைப் படிப்பு பல்கலைக்கழகப் பட்டமாக இருக்க வேண்டும். தனியார் டிப்ளமோவை டிகிரி மாதிரி பேசி விற்கிறவர்கள் உண்டு, பட்டத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பேர் வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தேனிக்காரி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு கோவைக்குப் போய்விட்டு வந்தோம். பட்டம் பாரதியார் பல்கலைக்கழகத்துடையது, காகிதத்தைக் காட்டினார்கள். நோட்டையும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். முதல் வருஷப் பிள்ளைகள் பேர் நிறைய இருந்தது, வெள்ளிக்கிழமை எடுத்துத் திங்கட்கிழமை கொடுத்ததாக. ஒரு பக்கத்தில் 50 எம்எம் லென்ஸின் மூடி தொலைந்தது என்று எழுதி, கீழே ஒரு பெண் கையெழுத்துப் போட்டிருந்தாள். அப்பா அதைப் பார்த்து, சரி, இங்கே பொருள் வெளியே போகிறது என்றார். ஆனால் ஒலிக்கு ஒரே ஒரு ரெக்கார்டர்தான், எடிட்டிங்குக்கு ஆறு கம்ப்யூட்டர். அது பரவாயில்லையா?

பூம்மைக்:
எடிட்டிங் சமாளிக்கலாம், டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, கொஞ்சம் நல்ல லேப்டாப் இருந்தால் ஹாஸ்டலிலேயே உட்கார்ந்து வெட்டலாம். ஒரே ரெக்கார்டர் என்பதுதான் குறை. வகுப்பில் நாலைந்து பேர் சேர்ந்து பணம் போட்டு ஒன்று வாங்கிவிடட்டும், பழையதே போதும். கோவையில் கோணங்கள் திரைப்படச் சங்கம் என்று ஒன்று பல வருஷமாக உலகப் படங்களைத் திரையிட்டு வந்திருக்கிறது, அவர்களையும் விசாரித்து வைக்கச் சொல்லுங்கள். சேர்த்துவிடுங்கள் அக்கா.