மண்டிக் கணக்கு: தமிழும் எண்ணும் மாற்றி மாற்றி அடித்தே நேரம் போகிறது, வழி சொல்லுங்கள்

மண்டிக்கணக்கு:
எல்லோருக்கும் வணக்கம். காய்கறி மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். விடியும் முன்பே சரக்கு இறங்கி, துண்டுச்சீட்டுகள் கட்டுக்கட்டாக மேசைக்கு வந்துவிடும். விவசாயி பெயர், காய், மூட்டை, எடை, விலை எல்லாவற்றையும் எக்செலில் ஏற்ற வேண்டும். பெயரும் காயும் தமிழில்தான் வேண்டுமாம், பில் வாங்குகிறவர்கள் படிக்க வேண்டுமே.

ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையைத்தான் பயன்படுத்துகிறேன், அதுவும் இரண்டே விரலால். மொழி மாற்ற மவுஸ், அடுத்த கட்டத்துக்குப் போக மவுஸ். பத்து மணிக்குள் முடிய வேண்டிய வேலை மதியம் வரை இழுக்கிறது. முதலாளி டைப்பிங் கிளாஸ் போகச் சொல்கிறார். வயது நாற்பதைத் தொடுகிறது. இனிமேல் கற்றுக்கொண்டால் பலன் உண்டா? எந்த விசைப்பலகை நல்லது?

லோயர்ஹையர்:
வயதெல்லாம் ஒரு தடையே இல்லை அம்மா. ஆங்கிலத் தட்டச்சில் லோயர் பாஸாக நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. உங்கள் வேலைக்கு லோயர் வேகமே தாராளம். இன்ஸ்டிட்யூட்டில் முதலில் என்ன அடிக்க வைப்பார்கள்? ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் விரல் தானாக இடம் தேடிப் போவது அதில்தான் படிகிறது. குனிந்து விசையைப் பார்ப்பது நின்றாலே பாதி வேலை முடிந்தது.

தமிழுக்குப் புதிதாகக் கற்பதென்றால் தமிழ்99. 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. உயிர் எல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. இரண்டு சுட்டுவிரலும் உட்காரும் மேடுள்ள விசைகள் இருக்கிறதல்லவா? இடப்பக்கம் புள்ளி, வலப்பக்கம் ப. ம-வை இருமுறை அடித்தால் ம்ம, ந-வும் த-வும் அடித்தால் ந்த. புள்ளி தானே விழும். "அம்மா"வுக்கு நான்கே தட்டு. பழைய தட்டச்சுப்பொறி முறையில் கொம்பை முதலில் அடித்துவிட்டு அப்புறம்தான் எழுத்து. அரசுத் தேர்வு எழுதும் எண்ணம் இல்லையென்றால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

எக்செல்பித்தன்:
ஐயா சொல்வது சரி, ஆனால் இவருடைய சிக்கலே வேறு என்று நினைக்கிறேன். அக்கா, நீங்கள் தினமும் அதே விவசாயிகள், அதே முப்பது நாற்பது காய்களைத்தானே அடிக்கிறீர்கள்? அப்படியானால் பெயரை அடிக்கவே வேண்டாம்.

தனித் தாளில் ஆளுக்கொரு எண், காய்க்கொரு எண் போட்டுப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். பதிவுத் தாளில் எண்ணை மட்டும் அடித்தால் வி-லுக்கப் சூத்திரம் பெயரைக் கொண்டுவந்து போட்டுவிடும். பெயர் விழும் கட்டங்களை வலது ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள். இடப்பக்கம் முழுக்க எண்தான், மொழி மாற்றும் வேலையே இல்லை.

அப்புறம் மவுஸ். அதைக் கொஞ்ச நாள் எட்டாத இடத்தில் வையுங்கள். வலது கை நம்பர் பேடில் இருக்கட்டும், நடுவில் 5-இன் மேல் சின்ன மேடு இருக்கும், அதுதான் அடையாளம். இடது கை டேப் விசையில். டேப் அடித்து அடித்து வலப்புறம் போய்க் கடைசியில் எண்டர் தட்டினால், எந்தக் கட்டத்தில் தொடங்கினீர்களோ அதற்கு நேர் கீழே போய் நிற்கும். இது தெரியாமல் வருடக்கணக்கில் மவுஸோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மேல் கட்டத்தில் உள்ளதே மறுபடி வேண்டுமென்றால் கன்ட்ரோல் + டி (டாக்டரில் வரும் டி, டீயில் வருவது அல்ல). இன்றைய தேதிக்கு கன்ட்ரோல் + செமிகோலன்.

மண்டிக்கணக்கு:
மிக்க நன்றி தம்பி, எண் போட்ட பட்டியல் நன்றாக வேலை செய்கிறது. எண்டர் விஷயம் சத்தியமாகத் தெரியாது. பட்டியலைத் தமிழ்99-இலேயே தட்டித் தட்டி அடித்துப் பார்த்தேன். பப்பாளியில் மாட்டிக்கொண்டேன், முதல் ப-வுக்கே புள்ளி விழுந்துவிடுகிறது. இன்னொன்று, பேக்ஸ்பேஸ் அடித்தால் எழுத்து முழுதாகப் போகாமல் கால் மட்டும் போகிறது. ஏதும் கோளாறா?

லோயர்ஹையர்:
கோளாறு இல்லை அம்மா. முதல் ப அடித்ததும் ஒரு அ தட்டுங்கள், அப்புறம் ப, ப, ஆ. புள்ளி சேராமல் பிரிந்து நிற்கும். மமதைக்கும் அதே வைத்தியம்தான். பேக்ஸ்பேஸ் கடைசியாக அடித்த குறியை மட்டும் எடுக்கும், அதனால் "பா"வில் ப மிஞ்சும். எழுத்துக்கு முன்னால் நின்று டெலீட் தட்டினால் முழு எழுத்தும் போய்விடும். மொழி மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸ்பாரும் சேர்த்துத் தட்டினால் போதும், மவுஸ் தேவையில்லை.

ஏலக்காரன்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். வி-லுக்கப் சூத்திரத்தின் கடைசியில் 0 போட்டீர்களா என்று பாருங்கள் அக்கா. போடாவிட்டால், பட்டியலில் இல்லாத எண்ணை அடித்தாலும் பக்கத்து எண்ணின் பெயரைக் கொண்டுவந்துவிடும். ஒருவர் சரக்குக்கு இன்னொருவர் பெயரில் பணம் போகும். 0 இருந்தால் பிழை என்று காட்டிவிடும். ஒரே ஊரில் இரண்டு முருகேசன் இருந்தால் பட்டியலில் தகப்பன் பெயரையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

மண்டிக்கணக்கு:
போடவில்லை! இப்போதே மாற்றுகிறேன். எங்களிடம் முருகேசனே மூன்று பேர்.