என்சிசி முடித்த பெண் ராணுவ அதிகாரியாகப் போகலாமா?

கேள்வி (மன்னார்குடி): பிஎஸ்சி கடைசி வருடம், என்சிசி சி சான்றிதழ் வரப்போகிறது. அம்மா ஜாதகத்தை எடுத்துவிட்டார். பத்து வருடத்தில் பெண்களை அனுப்பிவிடுவார்களாமே?

பதில் (திருவாரூர்): பழைய கதை தங்கச்சி. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபிறகு பெண்களுக்கும் நிரந்தரப் பணி உண்டு, ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்காது. சி சான்றிதழில் பி கிரேடு, டிகிரியில் 50 சதவீதம் இருந்தால் எழுத்துத் தேர்வே கிடையாது, நேராக எஸ்எஸ்பி, அதாவது அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் நேர்காணல்தான். அப்புறம், கல்யாணமானால் விண்ணப்பிக்க முடியாது, இதை முதலில் அம்மாவிடம் சொல்.

பதில் (கும்பகோணம்): என் அக்கா ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருக்கிறார். வேலை பிரச்சினையில்லை, கணவருக்கு ஓர் ஊர் இவருக்கு ஓர் ஊர், குழந்தை பாட்டியிடம், அதுதான் கஷ்டம். காலாட்படை இன்னும் பெண்களுக்குத் திறக்கவில்லை, அந்த ஆசை இருந்தால் தெரிந்துகொண்டு போ.

கேட்டவர்: நன்றி அக்கா. சம்பா அறுவடை முடிந்ததும் அப்பாவிடம் பேசுகிறேன்.